சந்தா மட்டும் சமமா?

(ஆலையில் 31 ஆண்டுகள் தையல் எந்திரம் ஓட்டி, 16 ஆண்டுகள் தொழிற்சங்க நிர்வாகக் குழுவில் இருந்தவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: அக்கா, எங்கள் சங்கத்தில் பாதிக்கு மேல் பெண்கள். நிர்வாகிகள் ஒன்பது பேரும் ஆண்கள். மகளிர் அணி என்று ஒன்று உண்டு. மார்ச் 8 அன்று மேடை அலங்காரம் அதன் பொறுப்பு. கேட்டால், "கூட்டத்துக்குப் பெண்கள் வருவதே இல்லையே" என்கிறார்கள். சந்தா கட்டுவதை நிறுத்திவிடலாமா? (ஒரு வாசகி)

பதில்: நிறுத்தாதீர்கள். உங்களை ஒதுக்க அவர்களுக்கு அது இன்னும் வசதியாகிவிடும். கூட்டம் எத்தனை மணிக்கு என்று நீங்கள் எழுதவில்லை. இரவு ஏழு மணியாகத்தான் இருக்கும். எங்கள் கிளையிலும் அதுதான் நேரம். முதல்முறை நான் போனபோது இடுப்பில் மகள். அவள் அழுததும் தலைவர், "நீங்கள் கிளம்புங்கள் அம்மா" என்றார். பரிவோடுதான் சொன்னார். அந்தப் பரிவில் அன்றைய வாக்கெடுப்பு எனக்கு இல்லாமல் போயிற்று.

பிறகு பன்னிரண்டு பேர் கையெழுத்திட்டு ஒரே ஒரு கோரிக்கை கொடுத்தோம்: கூட்டத்தை உணவு இடைவேளையில் நடத்துங்கள். மூன்று மாதம் இழுத்தடித்தார்கள். நேரம் மாறிய முதல் நாள், அறையில் நிற்கக்கூட இடமில்லை.

அதோடு நின்றுவிடாதீர்கள். நிர்வாகத்துடன் பேச்சுவார்த்தைக்குப் போகிறவர்கள் யார் என்று பாருங்கள். எங்கள் கோரிக்கைப் பட்டியலில் பெண்கள் கழிப்பறை எப்போதும் கடைசி வரி. பேரம் இறுகினால் முதலில் கைவிடப்படுவது கடைசி வரிதான். நான் குழுவில் போய் உட்கார்ந்த ஆண்டு, அதை மூன்றாவது இடத்துக்கு ஏற்றினேன். முதலிடம் கேட்கும் துணிச்சல் அப்போது எனக்கில்லை. பேச்சுவார்த்தைக் குழுவில் உறுப்பினர் விகிதப்படி பெண்களுக்கு இடம் என்று சங்க விதியிலேயே எழுதச் சொல்லுங்கள். வாய்வார்த்தைக்கு அடுத்த சங்கத் தேர்தல் வரைதான் ஆயுள்.

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம். இதற்கு மேல் சங்கம் பேச என்ன இருக்கிறது? (ஒரு கிளைச் செயலாளர்)

பதில்: தோழர், அந்த "ஒரே வேலை"யில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தீர்களா? 1951இல் வந்த சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 100ஆம் உடன்படிக்கை, "சம மதிப்புள்ள வேலைக்கு" சம ஊதியம் என்கிறது. ஒரே வேலை என்பது வேறு, சம மதிப்பு என்பது வேறு. வித்தியாசம் கிரேடு பட்டியலில், அதாவது வேலைகளைத் தரம் பிரித்துச் சம்பளம் வைக்கும் பட்டியலில், ஒளிந்திருக்கிறது.

1968 ஜூனில் இங்கிலாந்தின் டாகன்ஹாம் ஃபோர்டு ஆலையில் கார் இருக்கைகளுக்கு உறை தைத்த 187 பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுடைய வேலையைத் திறன் குறைந்த கிரேடில் தள்ளியிருந்தார்கள். அந்தக் கிரேடிலும் ஆண்கள் வாங்கியதில் 85 சதவீதம்தான் கூலி. இருக்கை இல்லாமல் காரை எப்படி விற்பது? உற்பத்தி நின்றது. அமைச்சர் பார்பரா காசில் தலையிட்டார். மூன்று வாரத்தில் கூலி 92 சதவீதமானது. 1970இல் சம ஊதியச் சட்டம் வந்தது. கதையை இந்த இடத்தில் முடித்துக் கைதட்டுபவர்கள் உண்டு. அந்தப் பெண்கள் முதலில் கேட்டது கிரேடு மாற்றம்! அது கிடைக்க 1984இல் மறுபடியும் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது.

உங்கள் கிரேடு பட்டியலை எடுத்து, ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று பென்சிலால் எழுதுங்கள். எங்கள் ஆலையில் மூட்டை தூக்குவது "கனவேலை". அதற்குத் தனிப் படி உண்டு. எட்டு மணி நேரம் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் இருப்பதற்கு ஒரு பெயர்கூட இல்லை. பெயரில்லாத ஒன்றுக்குப் படி கேட்பது எப்படி? "கூர்நோக்கு வேலை" என்று நாங்களே பெயர் வைத்தோம். மேலாளர் சிரித்தார். எங்கள் செயலாளரும் சேர்ந்து சிரித்தார், அதுதான் சுட்டது. அடுத்த ஒப்பந்தத்தில் அந்தச் சொல் அச்சில் வந்தது, படி சிறியதுதான்.

கேள்வி: பாலியல் தொல்லை புகார் எங்கள் சங்க நிர்வாகி மீதே வந்தால்? (பெயர் வேண்டாம்)

பதில்: விசாரணை முடியும்வரை அவர் பொறுப்பிலிருந்து விலகி நிற்க வேண்டும். அவருக்காகப் பேச ஒருவரைச் சங்கம் அனுப்பினால், புகார் கொடுத்தவருக்குத் துணையாக வேறொருவரையும் அனுப்ப வேண்டும். இருவருக்கும் ஒரே ஆள் கூடாது. வேலையிட வன்முறை, தொல்லை பற்றிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2019ஆம் ஆண்டு 190ஆம் உடன்படிக்கை, புகார் கொடுத்தவரோடு சாட்சிகளையும் பழிவாங்கலிலிருந்து காக்கச் சொல்கிறது. வேலைக்கு வந்துபோகும் வழியில் நடப்பதையும் கணக்கில் எடுக்கிறது.

இதை எழுதும் தகுதி எனக்கு முழுதாக இல்லை. எங்கள் குழுவுக்கு அப்படி ஒரு புகார் வந்தபோது, "சங்கத்துக்காக அவர் எவ்வளவு இழந்தவர்" என்று முதலில் சொன்னது நான்தான். அந்தப் பெண் அடுத்த மாதம் வேலையை விட்டுவிட்டாள். மன்னிப்புக் கேட்கப் பிறகு உறுப்பினர் பதிவேட்டில் தேடினேன். பெயரும் சந்தா வரவும் இருந்தன. முகவரிக் கட்டம் காலியாக இருந்தது.