மருத்துவர் பதில்: ஆரஞ்சு பாக்கெட் பாலை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: எனக்கு 52 வயது. மாதவிடாய் நின்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. சர்க்கரை, ரத்த அழுத்தம் இல்லை. சமீபத்திய பரிசோதனையில் எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 162 என்று வந்தது. எங்கள் வீட்டில் இருவர்; தினமும் ஒரு லிட்டர் ஆவின் ஆரஞ்சு பாக்கெட் வாங்குகிறோம். பால், தயிர், நெய் மூன்றையும் குறைக்கச் சொல்கிறான் மகன். கொழுப்புள்ள பால்தான் இதயத்துக்கு நல்லது என்று ஆய்வே இருப்பதாக வீடியோக்களில் சொல்கிறார்கள். யார் சொல்வது சரி? (வாசகி, மதுரை)

பதில்: அந்த ஆய்வு உண்மையானதுதான். 2018-ல் லான்செட் இதழில் வந்தது. இந்தியா உட்பட 21 நாடுகளில் 1,36,000-க்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். தினமும் இரண்டு பங்குக்கு மேல் பால், தயிர் சாப்பிட்டவர்களிடம் இறப்பும் பக்கவாதமும் குறைவாக இருந்தன. பங்கு என்பது ஒரு டம்ளர் பால் அல்லது ஒரு கப் தயிர். வெண்ணெய்க்கு அப்படித் தெளிவான பலன் தெரியவில்லை; இதை வீடியோக்கள் சொல்வதில்லை. தவிர, பல ஏழை நாடுகளில் தினமும் பால் வாங்க முடிகிறவர்கள் மற்ற வகையிலும் வசதியானவர்கள். அந்த வித்தியாசத்தைக் கணக்குப் போட்டு முழுவதுமாகக் கழித்துவிட முடியாது.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2015-ல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வு. உடல் எடை கூடிய ஒரு குழுவினருக்கு எட்டு வாரம் தினமும் 40 கிராம் பால் கொழுப்பைக் கிரீமாகக் கொடுத்தார்கள். இன்னொரு குழுவினருக்கு அதே 40 கிராமை உருக்கிய வெண்ணெய்க் கொழுப்பாக, கிட்டத்தட்ட நம் நெய்யாக, கொடுத்தார்கள். நெய் போன்றதைச் சாப்பிட்டவர்களுக்கு எல்டிஎல் ஏறியது. கிரீம் சாப்பிட்டவர்களுக்கு ஏறவில்லை. பாலில் ஒவ்வொரு கொழுப்புத் துளியையும் மெல்லிய சவ்வு ஒன்று மூடியிருக்கிறது. கடையும்போது அது உடைந்து பெரும்பகுதி மோரோடு போய்விடுகிறது. அந்தச் சவ்வு எல்டிஎல் ஏறாமல் தடுக்கிறது என்பது ஆய்வாளர்களின் கருத்து. ஆகவே பாலையும் தயிரையும் நெய்யோடு ஒரே தட்டில் வைத்து எடைபோடுவது தவறு. உங்கள் மகனிடம் இதைச் சொல்லுங்கள்.

ஆனால் அளவு என்று ஒன்று இருக்கிறது. ஆரஞ்சு பாக்கெட் நிறை கொழுப்புப் பால்; கொழுப்பு 6 சதவீதம். உங்கள் பங்கு அரை லிட்டர் என்றால் 30 கிராம் கொழுப்பு, அதில் ஏறக்குறைய 19 கிராம் எல்டிஎல்லை ஏற்றும் நிறைவுற்ற கொழுப்பு. தினமும் 2000 கலோரி சாப்பிடுபவருக்கே நாள் முழுவதற்கும் நிறைவுற்ற கொழுப்பு 22 கிராம்தான் வரம்பு. இதற்கு மேல் நெய், தேங்காய்ச் சட்னி எல்லாம் சேர்கின்றன. எல்டிஎல் 162 உள்ளவருக்கு இது அதிகம்.

நீல பாக்கெட்டுக்கு மாறுங்கள். அதில் 3 சதவீதம்தான். புரதமும் கால்சியமும் ஏறக்குறைய அதே அளவு. மாதவிடாய் நின்ற பிறகு எலும்புக்குக் கால்சியம் கட்டாயம் தேவை, எனவே பாலை நிறுத்தவே வேண்டாம். தயிர் சற்று நீர்த்துத் தெரியும்; பாலை இன்னும் கொஞ்ச நேரம் சுண்டக் காய்ச்சி உறை ஊற்றினால் சரியாகிவிடும். நெய் ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூன் போதும். ஆடையை எடுத்துவிட்டுக் குடிக்கிறேன் என்று பலர் சொல்கிறார்கள். அந்த ஆடை ஃபிரிட்ஜில் ஒரு டப்பாவில் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமை வெண்ணெயாகி, நெய்யாகி, பருப்புச் சாதத்தில் திரும்பி வந்தால் என்ன குறைந்தது?

குறைத்த இடத்தில் மாலை பிஸ்கட்டும் ரஸ்க்கும் வந்து உட்கார்ந்தால் பலனே இல்லை. ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ சுண்டலோ சாப்பிடுங்கள். வீட்டுக்குப் பேரக்குழந்தை வந்தால், ஒன்று முதல் இரண்டு வயது வரை முழுக் கொழுப்புப் பாலே கொடுங்கள். இந்தக் கட்டுப்பாடு அவர்களுக்கு இல்லை.

உங்கள் எல்டிஎல் ஏறியதற்குப் பால் மட்டுமே காரணமாக இருக்காது. மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கு அது ஏறுவது வழக்கம். தைராய்டு குறைவாகச் சுரந்தாலும் ஏறும். எனவே டிஎஸ்ஹெச் பரிசோதனை ஒன்று செய்துகொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து எல்டிஎல்லை மறுபடி பாருங்கள். இரண்டு முடிவுகளையும் எடுத்துக்கொண்டு உங்கள் மருத்துவரிடம் போங்கள். குடும்பத்தில் யாருக்காவது இளவயதில் மாரடைப்பு வந்திருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். மாத்திரை வேண்டுமா என்பதை அவர் அதை வைத்து முடிவு செய்வார்.