ஒரு நாட்டின் வான்வெளியை அண்டை நாட்டு அரசு நிறுவனம் கட்டுப்படுத்தலாமா? இறையாண்மை என்ன ஆகும்?

தாராளமாகக் கட்டுப்படுத்தலாம். நான் வசிக்கும் சுவிட்சர்லாந்தில் தினமும் நடப்பது அதுதான். இங்கு விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்கைகைட் நிறுவனத்தின் பங்குகள் ஏறக்குறைய முழுவதும் சுவிஸ் அரசிடம்தான் இருக்கின்றன. ஜெனீவாவிலும் சூரிச்சை ஒட்டிய டூபென்டார்ஃபிலும் உட்கார்ந்திருக்கும் அதன் கட்டுப்பாட்டாளர்கள், ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி, ஆஸ்திரியா நாடுகளின் வான்வெளியிலும் சில பகுதிகளைச் சேர்த்தே கவனிக்கிறார்கள்.

காரணம் ரொம்ப எளிது. ஜெனீவா விமான நிலையம் பிரெஞ்சு எல்லையோரமாகவே இருக்கிறது. சூரிச்சுக்கு வடக்கிலிருந்து இறங்கும் விமானம் ஜெர்மன் கிராமங்களுக்கு மேலாகத்தான் வர வேண்டும். இறங்கும் நேரத்தில் எல்லைக்கோட்டைப் பார்த்து ஆளை மாற்றினால் ஆபத்துதான் கூடும். பாசல் விமான நிலையத்தில் இதே கதை தலைகீழ்: அது இருப்பது பிரெஞ்சு மண்ணில், கவனிப்பதும் பிரெஞ்சுக்காரர்கள்.

இறையாண்மை எங்கேயும் போய்விடாது. சர்வதேச விதிப்படி கைமாறுவது வேலை மட்டும்தான், வான்வெளி அல்ல. அதிகாலையிலும் இரவிலும் தன் மண்ணுக்கு மேலாகச் சூரிச்சில் இறங்க ஜெர்மனி கட்டுப்பாடு விதித்திருக்கிறது. அதனால் வார நாட்களில் காலை 6 மணியிலிருந்து 7 மணி வரை விமானங்கள் தெற்கிலிருந்து, எங்கள் பக்கமாக வருகின்றன. சக்கரங்களை இறக்கியபடி வீட்டுக்கூரைகளுக்கு மேல் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும்; ஜன்னல் கண்ணாடி அதிரும். கட்டுப்படுத்துவது சுவிஸ் நிறுவனம், ஆனால் எப்போது பறக்கலாம் என்று சொல்வது ஜெர்மனி.

சரி, சிக்கல் எங்கே? விபத்து நடந்தால் யார் பொறுப்பு என்பதில். 2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் ஊபர்லிங்கன் ஊருக்கு மேலே ஒரு ரஷ்யப் பயணிகள் விமானமும் டிஎச்எல் சரக்கு விமானமும் மோதின. 71 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் விடுமுறைக்காக பார்சிலோனா போய்க்கொண்டிருந்த பள்ளிப் பிள்ளைகள். நடந்தது ஜெர்மன் வானில், கட்டுப்பாடு சூரிச்சில். அங்கே ஒரே ஆள் இரண்டு திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட இருந்தவர் ஓய்வறையில். பராமரிப்புக்காக முக்கியத் தொலைபேசி இணைப்பு நிறுத்தப்பட்டிருந்தது, மாற்று இணைப்பும் வேலை செய்யவில்லை. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நிலையத்தில் இருந்தவர்கள் தங்கள் திரையில் ஆபத்தைப் பார்த்துவிட்டு, சூரிச்சைத் திரும்பத் திரும்ப அழைத்தார்கள். இணைப்பே கிடைக்கவில்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

அப்புறம் வழக்கு வந்தது. 2006ல் ஜெர்மனியின் கொன்ஸ்டன்ஸ் நீதிமன்றம் ஜெர்மன் அரசே பொறுப்பு என்று சொன்னது. காரணம், கட்டுப்பாட்டு வேலையை ஒப்படைக்க இரு நாடுகளுக்கிடையே முறையான ஒப்பந்தமே இல்லை. இருந்ததெல்லாம் இரு கட்டுப்பாட்டு நிறுவனங்களும் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடுதான். அத்தனை விமானங்கள் பறந்த வானத்துக்கு இது எப்படிப் போதும் என்று நினைத்தார்கள் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை. மேல்முறையீட்டுக்குப் பிறகு வழக்கு சமரசத்தில் முடிந்தது. ஆனால் அதற்கு முன்பே, 2009ல், வெளிநாட்டு நிறுவனங்களும் இந்தப் பணியைச் செய்ய இடம் தரும் வகையில் ஜெர்மனி தன் அரசியலமைப்பைத் திருத்திக்கொண்டது. இந்தச் சட்ட வேலை முதலிலேயே நடந்திருக்க வேண்டும்.