பழைய காரின் பாகங்கள்: எதை உலோகமாக்கலாம், எதைப் பிளாஸ்டிக்காகவே விடலாம்?

கேள்வி: என் கார் 22 ஆண்டுகள் பழையது. அண்மையில் தெர்மோஸ்டாட்டை (என்ஜினின் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் வால்வு) மூடியிருக்கும் பிளாஸ்டிக் உறையில் ஹோஸ் மாட்டும் கழுத்து உடைந்து, என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம் முழுவதும் ஒழுகிவிட்டது. அதே வடிவில் பிளாஸ்டிக் உறையும் கிடைக்கிறது, அலுமினிய உறையும் கிடைக்கிறது. அலுமினியத்தையே போடும்படி மெக்கானிக் சொல்கிறார். அப்படியானால் ரேடியேட்டர், வாட்டர் பம்ப், மக்கர் செய்துகொண்டிருக்கும் ஜன்னல் மோட்டாரின் பல்சக்கரம் ஆகியவற்றையும் இப்போதே உலோகத்துக்கு மாற்றிவிடலாமா?

பதில்: உறைக்கு அலுமினியத்தை வாங்குங்கள், ஜன்னல் மோட்டாரின் பல்சக்கரத்துக்கு நைலானையே வாங்குங்கள். மற்ற இரண்டிலும் பொருளைவிடத் தயாரிப்பின் தரமே முக்கியம். பழைய பாகம் எதனால் வீணானது என்பதைப் பார்த்துவிட்டுத்தான் புதியது எந்தப் பொருளில் இருக்கலாம் என்று முடிவு செய்ய வேண்டும் என்பதால், உடைந்த உறையிலிருந்தே தொடங்குகிறேன்.

அதைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தால், உட்புறத்தில் பிஏ66-ஜிஎஃப்30 என்பது போன்ற ஒரு குறி வார்ப்பிலேயே பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். பிஏ66 என்பது நைலான் 66. ஜிஎஃப்30 என்றால் எடையில் 30 விழுக்காடு கண்ணாடி இழை கலந்தது என்று பொருள். என்ஜினைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் பாகங்களில் பல இந்த வகைதான். நைலான் 66 உருகுவதற்கு ஏறத்தாழ 260 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். கூலன்ட்டோ வழக்கமாக 90 முதல் 105 டிகிரிக்குள் ஓடுவது. ஆகவே உங்கள் உறை சூட்டில் இளகி உடையவில்லை. கூலன்ட்டில் உள்ள சூடான நீரும் அதோடு கலந்த கிளைக்கால் என்ற வேதிப்பொருளும் நைலானின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துவிடுகின்றன. இதை நீராற்பகுப்பு என்பார்கள். அதோடு ஒவ்வொரு முறை வண்டியை எடுத்து நிறுத்தும்போதும் சூடாகி விரிவதும் ஆறிச் சுருங்குவதும் நடக்கின்றன. வெளியே முழுதாகத் தெரியும் பாகம் உள்ளே மண் ஓடு போல நொறுங்கும் நிலைக்கு வந்துவிடும். ஹோஸின் இழுவை, கிளாம்பின் நெருக்கல், என்ஜினின் அதிர்வு மூன்றும் கழுத்தில்தான் வந்து சேர்கின்றன என்பதால், உடைப்பும் பெரும்பாலும் அங்கேயே தொடங்குகிறது.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். 22 ஆண்டு உழைத்த பிளாஸ்டிக்கைப் புத்தம்புது அலுமினியத்தோடு ஒப்பிட்டு, "பிளாஸ்டிக் மோசம்" என்று தீர்ப்பு எழுதுவது சரியான ஒப்பீடு அல்ல. தரமான புதிய நைலான் உறையும் நெடுங்காலம் உழைக்கும். ஆனாலும் இந்த இடத்தில் அலுமினியத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதற்குக் காரணம், நைலானைக் கொன்ற நீராற்பகுப்பு அலுமினியத்தைத் தொடாது என்பதுதான். அலுமினியத்துக்கு வேறொரு நோய் உண்டு. கூலன்ட்டில் உள்ள அரிப்புத் தடுப்பான்கள் தீர்ந்த பிறகும் அதையே ஓட்டினாலோ, வெறும் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஓட்டினாலோ, கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் அமரும் முகத்திலும் ஹோஸின் அடியிலும் குழிகுழியாக அரித்து, அங்கிருந்து கசியத் தொடங்கும். கூலன்ட்டைக் கையேட்டில் குறித்த காலத்தில் மாற்றும் பழக்கம் இல்லாதவருக்கு அலுமினிய உறையால் பெரிய நன்மை இல்லை.

மலிவான அலுமினிய வார்ப்புகளில் நுண்துளைகள் இருக்கும். புதிதாக இருக்கும்போதே வியர்ப்பது போல ஈரம் கசியும். வாங்குமுன் கேஸ்கெட் முகத்தின் மீது நேர்விளிம்புள்ள எஃகு அளவுகோலை வைத்து, இடையில் 0.1 மில்லிமீட்டர் ஃபீலர் கேஜ் தகடு நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் அந்த உறை வேண்டாம். அடுத்து போல்ட்டுகளைக் கவனியுங்கள். பிளாஸ்டிக் உறை நசுங்காமல் இருக்க அதன் போல்ட் துளைகளில் சிறு உலோக வளையங்கள் பதித்திருப்பார்கள். அலுமினிய உறையில் அவை தேவையில்லை, அதன் விளிம்பின் தடிமனும் வேறாக இருக்கலாம். விளிம்பு மெலிதாக இருந்து பழைய போல்ட்டையே போட்டால், அது துளையின் அடியைத் தட்டி நின்றுவிடும். கையில் இறுகியது போலத் தெரிந்தாலும் உறை இறுகியிருக்காது. மேலும் பலம் கொடுத்தால் மரை போகும், சில வேளை வார்ப்பே விரியும். புதிய உறையோடு வரும் போல்ட்டுகளையே பயன்படுத்தி, கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடுக்குங்கள். இந்த இடங்களில் வழக்கமாக இருக்கும் 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு அந்த அளவு 10 நியூட்டன் மீட்டரை ஒட்டியே இருக்கும், அதாவது பலரும் நினைப்பதைவிடக் குறைவு.

உறையை மட்டும் மாற்றிய வண்டி, சில மாதங்களில் ஹீட்டருக்குப் போகும் குழாயின் பிளாஸ்டிக் இணைப்பு உடைந்து திரும்பி வருவதைப் பட்டறைகளில் அடிக்கடி காணலாம். "உலோகத்தைப் போட்டதால் அழுத்தம் மற்ற பாகங்களுக்கு ஏறிவிட்டது" என்று அதற்கு விளக்கமும் சொல்வார்கள். அது தவறு. கூலன்ட்டின் அழுத்தத்தை வரையறுப்பது ரேடியேட்டர் அல்லது விரிவுத் தொட்டியின் மூடிதான். பல கார்களில் அது வெளிக்காற்றைவிட ஏறத்தாழ 1 பார் கூடுதலாக அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. சம அளவு கிளைக்காலும் நீரும் கலந்த கூலன்ட் திறந்த பாத்திரத்தில் 107 டிகிரி வாக்கில் கொதிக்கும். அந்த அழுத்தத்தில் 125 டிகிரியைத் தாண்டியே கொதிக்கும். இதற்காகத்தான் மூடியே இருக்கிறது. உறை எதனால் ஆனதாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. உண்மையில், உடைந்த இணைப்பும் உறையும் ஒரே வயதில் ஒரே கூலன்ட்டில் வெந்தவை. பழுது பார்க்கும்போது ஹோஸைத் திருகி இழுத்ததில் மிச்சமிருந்த உயிரும் போயிருக்கும். ஆகவே ரேடியேட்டர் தொட்டி, விரிவுத் தொட்டி, ஹீட்டர் இணைப்புகள் எல்லாம் வண்டி வாங்கியபோது இருந்தவையே என்றால், பொருள் எதுவாக இருந்தாலும் அவற்றை ஒன்றாகப் புதுப்பிப்பதே செலவிலும் நிம்மதியிலும் லாபம். பிளாஸ்டிக் கழுத்துகளில் திருகு கிளாம்பை அளவுக்கு மீறி முடுக்குவதைவிட, வெப்பத்துக்கேற்ப விரிந்து சுருங்கும் ஸ்பிரிங் கிளாம்பே நல்லது.

ரேடியேட்டரைப் பொறுத்தவரை, அலுமினிய நடுப்பகுதியும் இரு முனைகளிலும் பிளாஸ்டிக் தொட்டிகளும் கொண்ட சாதாரண வகையையே நல்ல தயாரிப்பாளரிடமிருந்து வாங்கலாம் என்பது என் கருத்து. முழு அலுமினிய ரேடியேட்டர் உறுதியானதுதான். ஆனால் சிறு பட்டறைகளில் செய்யப்படுபவற்றில் தாங்கிகளும் விசிறிக் கூடும் பொருந்தாமல், துளையிட்டு வளைத்து மாட்ட வேண்டியிருக்கும். செம்பு–பித்தளை ரேடியேட்டரை மெச்சுகிறவர்கள் செம்பின் வெப்பங்கடத்தும் திறன் அலுமினியத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் என்பதைச் சொல்வார்கள். அது உண்மை. ஆயினும் குழாயின் அகலம், தகடுகளின் நெருக்கம், வீசும் காற்று ஆகியவை சேர்ந்தே ரேடியேட்டரின் திறனைத் தீர்மானிக்கின்றன. அலுமினியத்துக்காக வடிவமைத்த காரில் செம்பைக் கொண்டுவந்தால், இரண்டையும் காக்கும் கூலன்ட்டைத் தேடி வாங்கும் கவலையும் கூடவே வரும்.

வாட்டர் பம்பில் எல்லோரும் பேசுவது உள்ளே சுழலும் தகட்டுச் சக்கரத்தைப் பற்றியே. பழைய பிளாஸ்டிக் சக்கரம் விரிசல் விட்டு, அச்சு சுழன்றாலும் தான் சுழலாமல் நின்றுவிடுவது உண்டு. ஒரு சொட்டுக்கூட ஒழுகாமல் வெப்பமானி ஏறும் வண்டிகளில் இதையும் சந்தேகிக்க வேண்டும். அதற்காக உலோகச் சக்கரம் என்றாலே மேல் என்று ஆகிவிடாது. தகட்டை அழுத்திச் செய்த எஃகுச் சக்கரம் மோசமான கூலன்ட்டில் துருப்பிடித்துத் தேயும். பாலிஃபினைலீன் சல்ஃபைடு என்ற பிளாஸ்டிக்கில் செய்த சக்கரங்களோ சூடான கூலன்ட்டை நன்றாகத் தாங்குபவை. பம்பின் ஆயுளைப் பெரும்பாலும் முடிப்பது பேரிங்கும் சீலும்தான் என்பதால், நம்பகமான தயாரிப்பாளரின் பம்பை வாங்கி, அதன் சக்கரத்தின் விட்டமும் உயரமும் பழையதோடு ஒத்திருக்கின்றனவா என்று அளந்து பார்த்தால் போதும்.

இனி ஜன்னல் மோட்டாரின் பல்சக்கரம். எஃகுப் புரிதண்டோடு நைலான் சக்கரத்தை இணைப்பதைச் சிக்கனம் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு வேறு காரணங்கள் உண்டு. நைலான் குறைந்த கிரீஸிலும் வழுக்கி ஓடும், சத்தம் எழுப்பாது. இவற்றைவிட முக்கியமாக, ஏதாவது சிக்கிக்கொண்டால் முதலில் உடைந்து மற்றவற்றைக் காப்பாற்றும். ஃபியூஸ் எரிவதை நாம் ஃபியூஸின் குறையாகக் கருதுவதில்லை அல்லவா? அந்தச் சக்கரத்தைப் பித்தளையில் போட்டால் பல் உடையாது. அடுத்த முறை கண்ணாடி சிக்கும்போது மோட்டார் கருகும் அல்லது தூக்கும் கை வளையும். உங்கள் ஜன்னல் மக்கர் செய்வதற்கு மூல காரணம், கண்ணாடி ஓடும் ரப்பர் வரிப்பள்ளம் காய்ந்து இறுகியிருப்பதாகவே இருக்க வாய்ப்பு அதிகம். அதைத் துடைத்துச் சிலிகோன் மசகு அடித்துவிட்டுப் புதிய நைலான் சக்கரத்தை மாட்டுங்கள். வைப்பர் மோட்டாருக்கும் இதே கணக்குத்தான். டைமிங் செயின் உரசிச் செல்லும் வழிகாட்டிகளின் நைலான் முகத்தையும் உலோகமாக்க நினைக்கக் கூடாது. உலோகத்தோடு உலோகம் உரசினால் செயினே தேயும்.

இதற்கு மாறான எடுத்துக்காட்டும் உண்டு. 1960, 70களின் சில அமெரிக்க என்ஜின்களில் சத்தத்தைக் குறைப்பதற்காக வால்வுகளை இயக்கும் கேம் தண்டைச் சுழற்றும் சக்கரத்தின் பற்களை நைலானில் செய்தார்கள். அவை வெப்பத்தில் முதிர்ந்து உதிர்ந்து, ஆயில் தொட்டிக்குள் விழுந்து, ஆயிலை உறிஞ்சும் வலையையே அடைத்தன. அங்கே முழு உலோகச் சக்கரத்துக்கு மாறியதுதான் சரி, ஏனெனில் அங்கே பல் உடைந்தால் எதுவும் காப்பாற்றப்படுவதில்லை, என்ஜினுக்கே ஆபத்து.

பழைய வண்டிக்காரர்கள் விரும்பித் தேடும் "பிரிக்காத பழைய ஸ்டாக்" பற்றியும் ஓர் எச்சரிக்கை. பெட்டியில் கிடந்த பிளாஸ்டிக்குக்கும் ரப்பர் வளையங்களுக்கும்கூட வயதாகும். பல பிளாஸ்டிக் வார்ப்புகளில், எண்கள் சூழ்ந்த சிறு வட்டமும் நடுவில் ஓர் அம்புக்குறியும் இருக்கும். அது வார்த்த மாதத்தையும் ஆண்டையும் காட்டுகிறது. 15 ஆண்டுக்கு முந்தைய தேதி இருந்தால், கூலன்ட் ஓடும் இடத்துக்கு அதை வாங்காதீர்கள். முப்பரிமாண அச்சில் செய்த பாகங்களை உள்ளலங்காரக் கொக்கிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்குமே பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் வகை வேண்டாம். அது 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும், வெயிலில் பூட்டி நிறுத்திய காரின் டாஷ்போர்டு அதைவிடச் சூடாகும்.

அலுமினிய உறையை மாட்டிய பின், என்ஜின் முழுதும் ஆறியிருக்கும்போது, அழுத்தச் சோதனைப் பம்பை மூடியின் இடத்தில் பொருத்தி, மூடியில் எழுதியுள்ள அளவுக்கு மட்டும் காற்றை ஏற்றிக் கால் மணி நேரம் விடச் சொல்லுங்கள். முள் இறங்கினால் முதலில் புதிய உறையின் கேஸ்கெட்டையும், அடுத்து வேலையின்போது அசைந்த ஹோஸ்களின் மறுமுனைகளையும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.