இரண்டாவது சுருட்டு

அன்புள்ள சார்,

சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். வருடத்துக்கு நான்கைந்து முறை சுருட்டு புகைப்பதுண்டு. எல்லோரும் புகழும் ஒரு கியூபச் சுருட்டை ஒருமுறையாவது புகைத்துப் பார்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. என் மச்சான் துபாயிலிருந்து வரும்போது மூன்று வாங்கி வந்தார். ரொபஸ்டோ அளவு. ஒரு பத்திரிகை அதற்கு நூற்றுக்கு 94 மதிப்பெண் கொடுத்திருந்தது. கொக்கோ, தேன், பதப்படுத்திய தோல் என்று ருசிகளை அடுக்கியிருந்தார்கள்.

மூன்று வாரம் அலுவலக மேசை டிராயரில் பத்திரமாக வைத்திருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, காபி மட்டும் குடித்துவிட்டு மொட்டைமாடியில் பற்றவைத்தேன். ஆரம்பத்தில் காகிதம் எரிந்த மாதிரி இருந்தது. பாதிக்கு மேல் ஒரே கசப்பு. ஒரு பக்கம் மட்டும் வேகமாக எரிந்தது. 25 நிமிடத்தில் தீர்ந்துவிட்டது, தலையும் சுற்றியது. மீதி இரண்டை யாருக்காவது கொடுத்துவிடலாமா, இன்னொரு வாய்ப்பு கொடுக்கலாமா? உலகமே புகழும் ஒன்று நமக்குப் பிடிக்கவில்லை என்றால் குறை நம்மிடமா?

க., சென்னை

அன்புள்ள க,

சுருட்டின் பெயரைக் கடிதத்திலிருந்து எடுத்துவிட்டேன். வாடிப்போன ஒரு சுருட்டை வைத்து ஒரு பெயர் கெடுவதில் எனக்கு விருப்பமில்லை.

மீதி இரண்டையும் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் கடிதத்தில் இரண்டு இடங்களில் நின்றுவிட்டேன். ஒன்று அந்த டிராயர், இன்னொன்று அந்த 25 நிமிடம்.

முதலில் டிராயர். சென்னையில்தான் காற்றெல்லாம் ஈரமாயிற்றே, சுருட்டு எப்படிக் காயும் என்று தோன்றும். ஆனால் நாள் முழுக்க ஏசி ஓடும் அலுவலகத்துக்குள் இருப்பது சென்னைக் காற்று இல்லை. ஏசி குளிர்விக்கும்போதே ஈரத்தையும் பிழிந்து வெளியே சொட்டவிடுகிறது. சுருட்டுக்கு வேண்டியது 65 முதல் 70 சதவீத ஈரப்பதம். அதற்குக் கீழே மூன்று வாரம் கிடந்தால் மேலே சுற்றிய இலை மொறுமொறுவென்று ஆகிவிடும். இலையின் எண்ணெய்ப் பசையும் மணமும் குறையும். நீங்கள் சொன்ன காகித வாசனை, காய்ந்த இலை சூடாகவும் வேகமாகவும் எரிந்த வாசனை. ஒரு பக்கம் ஓடி எரிந்ததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். பற்றவைக்கும்போது முனை முழுக்கச் சீராகத் தீ பிடிக்காவிட்டாலும் அப்படி ஆகும்.

மீதி இரண்டும் இன்னும் அங்கேதான் இருக்கின்றன என்றால் இன்றே எடுங்கள். சுருட்டின் ஈரம் காக்கும் விலை உயர்ந்த ஹியூமிடர் பெட்டி தேவையில்லை. காற்றுப் புகாமல் மூடும் சாப்பாட்டு டப்பா போதும், வாசனை எதுவும் இல்லாமல் கழுவிக் காயவைத்தது. ஈரப்பதத்தை ஒரே அளவில் வைத்திருக்கும் சின்னப் பொட்டலங்கள் விற்கிறார்கள். 65 என்று அச்சிட்டது ஒன்று வாங்கி உள்ளே போடுங்கள். அவசரப்பட்டு ஈரத் துணியை வைத்துவிடாதீர்கள். உள்ளிருக்கும் இலைகள் வேகமாக உப்பினால் வெளி இலை வெடித்துவிடும். எட்டு வாரம் பொறுங்கள். டப்பாவை வீட்டின் குளிர்ச்சியான மூலையில் வையுங்கள். வெப்பம் 24, 25 டிகிரிக்கு மேல் போய்க்கொண்டே இருந்தால் புகையிலை வண்டின் முட்டைகள் பொரிய வாய்ப்பு உண்டு. ஒரு நாள் திறந்து பார்க்கும்போது குண்டூசி அளவுக்கு ஓட்டைகள் இருக்கும்.

இனி அந்த 25 நிமிடம். ரொபஸ்டோ என்றால் ஏறக்குறைய 124 மில்லிமீட்டர் நீளம், 50 தடிமன். அந்த 50 என்பது ஓர் அங்குலத்தை 64 பங்காக்கினால் அதில் 50 பங்கு, அதாவது கிட்டத்தட்ட 20 மில்லிமீட்டர். முக்கால் மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை எரிய வேண்டியது. காய்ந்துபோயிருந்ததால் வேகமாக எரிந்தது, அதன் கூடவே நீங்களும் அடிக்கடி இழுத்திருக்கிறீர்கள்.

கியூபாவில் ஒரு சுருட்டைச் சுற்றுகிறவர் உள்ளே ஒரே வகை இலையை வைப்பதில்லை. செடியின் அடியில் பறித்த வொலாடோ நன்றாக எரிவதற்கு. நடுவில் பறித்த செக்கோ மணத்துக்கு. உச்சியில் வெயிலை வாங்கிய தடித்த லிகேரோ காரத்துக்கு. லிகேரோ மெதுவாக எரியும், அதனால் அதை நட்ட நடுவில் வைத்து மற்றவற்றை அதைச் சுற்றி மடிக்கிறார்கள். நிமிடத்துக்கு ஒரு இழுப்பு என்ற வேகத்தில் போனால் மூன்றும் சேர்ந்து பேசும். அதைவிட வேகமாக இழுத்தால் நெருப்பு கொதித்து, உங்களுக்கு மிஞ்சுவது கசப்புதான். அந்த மனிதர் மேசைமேல் குனிந்து யோசித்து அடுக்கிய வரிசை முழுக்க வீணாகிவிடும். எனக்கு இதில் உண்மையாகவே மனம் வலிக்கும்.

தலைசுற்றலுக்குக் காரணம் வெறும் வயிற்றில் ஏறிய நிக்கோடின். ஒருவேளை சிகரெட்டைப் போல நெஞ்சுக்குள்ளும் இழுத்தீர்களோ என்னவோ. சுருட்டுப் புகை காரத்தன்மை (அமிலத்துக்கு எதிரானது) கொண்டது, நிக்கோடின் வாயின் தோல் வழியாகவே உடம்பில் ஏறிவிடும். உள்ளே இழுக்கத் தேவையே இல்லை. சாப்பிட்டுவிட்டுத் தொடங்குங்கள், பக்கத்தில் ஒரு துண்டு வெல்லம் இருக்கட்டும். உள்ளே இழுக்காததால் தீங்கில்லை என்று பொருள் கொள்ள வேண்டாம். வாய்ப் புற்றுநோய்க்கு அது போதும். நான் வருடத்துக்கு மூன்றைத் தாண்டுவதில்லை. புகைக்கும் பழக்கமே இல்லாதவர்கள் இதைப் படித்துவிட்டுத் தொடங்க வேண்டாம் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொரு காரணமும் இருக்கலாம். சுருட்டு இளசாக இருந்திருக்கலாம். கியூபாவின் பினார் டெல் ரியோ மாகாணத்தில், வுவெல்டா அபாகோ என்ற வட்டாரத்தில் பறிக்கும் இலையைப் பதப்படுத்திய பிறகு குவியலாக அடுக்கிப் புளிக்கவிடுவார்கள். குவியல் தானாகவே சூடேறும், அம்மோனியா வெளியேறும். அப்படியும் சுற்றி முடித்த புதிதில் கொஞ்சம் மிச்சமிருக்கும். முகர்ந்தால் மூக்கில் சுருக்கென்று ஏறும். முழுப் பெட்டியின் அடிப்பக்கம் மாதமும் வருடமும் முத்திரை குத்தியிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு இரண்டு, மூன்று வருடம் தொடாமல் வைத்திருக்கும் பொறுமைசாலிகள் உண்டு. (அந்தப் பெட்டியின் மரத்தை ஸ்பானிஷ் சீடார், அதாவது ஸ்பானிய தேவதாரு, என்கிறார்கள். அது தேவதாரு இனமே இல்லை, நம் வேம்பின் குடும்பம். இதை அறிந்த நாளிலிருந்து அந்தப் பெட்டிகளின் மேல் எனக்குத் தனிப் பிரியம்.)

என் கதையையும் சொல்ல வேண்டும். எனக்கும் முதல் கியூபச் சுருட்டு பெரிய ஏமாற்றம்தான். அது காய்ந்திருக்கவில்லை, நானும் அவசரப்படவில்லை. என் தாத்தா திருச்சிக்காரர். உறையூர்ச் சுருட்டுதான் பிடிப்பார். 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து வரைக்கும் கப்பலேறியது அது, திண்டுக்கல் பக்கத்துப் புகையிலை. ஆங்கிலத்தில் செரூட் என்கிறார்களே, அந்தச் சொல்லே நம் சுருட்டிலிருந்து போனதுதான். அவர் மடியில் படுத்தால் வேட்டியில் வரும் அந்தக் காட்டமான வாசனைதான் எனக்குச் சுருட்டு என்றால். உலகின் சிறந்த சுருட்டு என்று ஒன்றைக் கையில் கொடுத்ததும், அதே வாசனை இன்னும் பல மடங்காக வரும் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். வந்தது மெல்லியதாக, கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லாதது போல இருந்தது. பாதியில் வைத்துவிட்டேன்.

அதே சுருட்டுக் கட்டில் இருந்த இன்னொன்றை 11 மாதம் கழித்து, ஒரு மழை நாளில், எதையும் எதிர்பார்க்காமல் பற்றவைத்தேன். முதல் கால் பகுதியில் புது வைக்கோல். அப்புறம் நெல் அவிக்கும்போது வருமே ஒரு ஆவி, அந்த மணம். கடைசியில் லேசாக மிளகு. கொக்கோவும் தேனும் எனக்கு அன்றும் வரவில்லை, இன்று வரை வந்ததில்லை. தாத்தாவின் வாசனையும் அதில் இல்லை. ஆனால் கையைச் சுடும் வரை கீழே வைக்க மனம் வரவில்லை.

அதனால் நீங்கள் கேட்ட கடைசிக் கேள்விக்கு இப்படிச் சொல்கிறேன். 94 என்பது ஒருவர் முறையாகப் பாதுகாத்த ஒரு சுருட்டைப் புகைத்து, தன் நாக்கில் பட்டதை எழுதியது. நல்ல பத்திரிகைகளில் சுருட்டின் பெயர் அச்சிட்ட காகிதப் பட்டையை மறைத்து, எந்தச் சுருட்டு என்று தெரியாமலேயே புகைக்கவைக்கிறார்கள். அந்த மதிப்பெண்ணை நான் மதிக்கிறேன். ஆனால் அவர் கொக்கோவைத் தின்று வளர்ந்தவர். அவர் சொன்ன ருசிகளை ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டு உட்கார்ந்தால் உங்களுக்கு வருவது தெரியாமலே போகும். இரண்டாவதைப் புகைப்பதற்கு முன் அந்தக் குறிப்பைத் திரும்பப் படிக்காதீர்கள். எட்டு வாரத்துக்குப் பிறகு, காற்று அடிக்காத இடத்தில், அடுத்த ஒரு மணி நேரத்துக்கு எந்த வேலையும் இல்லாத நாளில் எடுங்கள். தலைப்பக்கத்தில் மூடியிருக்கும் சின்ன இலைத் தொப்பியை மட்டும் மெல்லிசாக வெட்டுங்கள். பற்றவைக்காமல் ஒருமுறை காற்றை இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் தீக்குச்சியை எடுக்கலாம்.

அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் சரி, அது உங்களுக்கானது இல்லை. அப்போது மூன்றாவதை மச்சானுக்கே கொடுங்கள், அவர் எவ்வளவு ஆசையாக வாங்கி வந்திருப்பார். எப்படி இருந்தது என்று எனக்கு எழுதுங்கள். முதல் கால் பகுதியில் என்ன வந்தது என்பதை மட்டும் மறக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்