எஞ்சின் எதோடு பிறந்ததோ, அதோடு வரட்டும்

கேள்வி: வணக்கம் அங்கிள். அப்பாவிடம் 1983 டொயோட்டா கொரோலா கேஇ70 இருக்கிறது. சிஓஇயை, அதாவது சிங்கப்பூரில் வண்டி வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழை, புதுப்பித்துப் புதுப்பித்து வைத்திருக்கிறார். பழைய 4கே எஞ்சின் இப்போது ஆயில் குடித்துப் புகை கக்குகிறது. டொயோட்டாவின் 4ஏ-ஜிஇ எஞ்சினைப் போட்டுவிடலாம் என்கிறார் மெக்கானிக். அதில் உள்ள இஞ்செக்‌ஷனைக் கழற்றிவிட்டு இரட்டைக் கார்புரேட்டர் வைத்தால் வயரிங் தொல்லை இல்லை, 2,000 வெள்ளியும் மிச்சமாம். அப்பாவுக்கு வயது 71. தீபாவளிக்குத் தீபாவளி இந்த வண்டியில்தான் ஈப்போவுக்குப் போவார். எதைத் தேர்ந்தெடுப்பது?
– வாசகி, ஈசூன்

பதில்: இஞ்செக்‌ஷனோடு வந்த எஞ்சினை இஞ்செக்‌ஷனோடுதான் வைக்க வேண்டும் அம்மா. 2,000 வெள்ளியை இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். காற்று உறிஞ்சும் வேகத்தில் பெட்ரோலை இழுத்துக் கலப்பது கார்புரேட்டர்; கம்ப்யூட்டர் அளந்து பீய்ச்சுவது இஞ்செக்‌ஷன்.

கார்புரேட்டர் எனக்குப் பிடிக்காது என்று நினைத்துவிடாதீர்கள். 1979-ல் நான் வொர்க்‌ஷாப்பில் எடுபிடியாகச் சேர்ந்தபோது முதலில் கையில் கொடுத்ததே கார்புரேட்டரைத்தான். ஜெட் என்னும் பெட்ரோல் துளையை ஊதிச் சுத்தம் செய்து, மிதவையின் உயரத்தை அளந்து, காதால் கேட்டே ஐடிலிங் வைப்போம். உங்கள் 4கே அப்படிப்பட்ட எஞ்சின். 1290 சிசி, ஒரே கார்புரேட்டர், வழியில் நின்றாலும் ஒரு ஸ்குரூடிரைவர் போதும். ஆனால் 4ஏ-ஜிஇ வேறு சாதி. அதன் கம்ப்யூட்டர் பெட்ரோலை மட்டும் அளப்பதில்லை. பிளக்கில் பொறி எப்போது விழ வேண்டும் என்று முடிவு செய்வதும் அதுதான். வேகத்துக்குத் தக்கபடி பொறியை முன்தள்ளும் எடைக்கட்டிகள், பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பங்கிட்டு அனுப்பும் அதன் டிஸ்ட்ரிபியூட்டரில் கிடையாது. கம்ப்யூட்டரைத் தூக்கிவிட்டால் பொறியை நடத்த ஆளில்லை. அதற்கு வேறு டிஸ்ட்ரிபியூட்டர் தேட வேண்டும், இல்லை தனி இக்னிஷன் பெட்டி வாங்க வேண்டும். ‘வயரிங் தொல்லை இல்லை’ என்பவர்கள் இந்தச் செலவைச் சொல்வதில்லை. அந்த 2,000 வெள்ளியில் பாதி இங்கேயே போய்விடும்.

இதே வேலையை நானும் ஒருமுறை செய்தேன். 1994-ல் ஒருவர் சத்தத்துக்காகக் கேட்டார் என்று, இஞ்செக்‌ஷன் எஞ்சினில் இரண்டு சைட் டிராஃப்ட் கார்புரேட்டர்களைப் பொருத்திக் கொடுத்தேன். சிங்கப்பூரில் அருமையாக ஓடியது. பள்ளி விடுமுறையில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு கேமரன் மலைக்குப் போனார். தாப்பாவிலிருந்து ஏற ஏற வண்டி இழுக்கவில்லை, ரிங்லெட்டுக்கு முன்னால் நின்றேவிட்டது. மலைமேல் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், காற்று இங்கிருப்பதைவிட ஏழில் ஒரு பங்கு லேசு. கார்புரேட்டருக்கு அது தெரியாது. கீழே வைத்த ஜெட்டின் கணக்கிலேயே பெட்ரோலை ஊற்றும். என் செட்டிங்கிலும் பெட்ரோல் கொஞ்சம் அதிகமாக இருந்ததால் நான்கு பிளக்கும் கரியாகிவிட்டன. மழையில் அந்தப் பிள்ளைகள் மூன்று மணி நேரம் ரோட்டோரம் நின்றிருக்கிறார்கள். தவறு என்னுடையதுதான், இன்றும் அது மனதில் உறுத்துகிறது.

ஈப்போவுக்குப் போக மலை ஏற வேண்டாம், சரி. ஆனால் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி இருக்கிறதே! தீபாவளிக்கு முந்தின நாள் அங்கே இரண்டு மூன்று மணி நேரம் ஊர்ந்துபோகும்போது பானெட்டுக்கு அடியில் வெப்பம் ஏறிக்கொண்டே போகும். கார்புரேட்டர் கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோல் கொதித்து ஆவியாகும். எஞ்சினை அணைத்தால் மறுபடி எடுக்காது. இஞ்செக்‌ஷனில் பெட்ரோல் குழாய்க்குள் சுமார் 40 பிஎஸ்ஐ அழுத்தத்தில் அடைபட்டுச் சுற்றி வருவதால் அவ்வளவு சுலபத்தில் கொதிக்காது. 71 வயதுக்காரர் கடற்பாலத்து நெரிசலில் வண்டியைத் தள்ளும்படி ஆகக் கூடாது.

மெக்கானிக்கிடம் இவற்றைக் கேளுங்கள். பழைய டேங்க்கில் உள்தடுப்புகள் போதாது. பெட்ரோல் குறைந்த நேரத்தில் வளைவில் திரும்பினால் பம்ப் காற்றை உறிஞ்சி எஞ்சின் திக்கும். சிங்கப்பூர் வண்டி எல்லையைக் கடக்க முக்கால் டேங்க் பெட்ரோல் இருக்க வேண்டும் என்ற சட்டம் போகும்போது காப்பாற்றும், திரும்பி வரும்போது? ஆகவே பம்ப்புக்கு எப்போதும் பெட்ரோல் கிடைக்கும்படி இடையில் ஒரு சிறிய சர்ஜ் டேங்க் வேண்டும். டேங்க்குக்குத் திரும்பும் லைன் வேண்டும். ஹோஸும் கிளிப்பும் இஞ்செக்‌ஷன் அழுத்தத்துக்கு உரியவையா என்று கண்ணால் பாருங்கள். கார்புரேட்டர் பம்ப் தருவது நாலைந்து பிஎஸ்ஐதான். அந்தப் பழைய ரப்பர் ஹோஸில் 40 ஏற்றினால் பிய்த்துக்கொண்டு சூடான மெனிஃபோல்டில் பீய்ச்சும், தீ பிடிக்கும். இதில் மட்டும் ‘பரவாயில்லை’ என்ற பேச்சே வேண்டாம்.

எஞ்சினை மட்டும் வாங்காமல் ஹாஃப் கட்டாக, அதாவது பழைய வண்டியின் முன்பாதியை அப்படியே வெட்டியெடுத்ததாக, வயரிங்கும் கம்ப்யூட்டரும் வெட்டுப்படாமல் வாங்குங்கள். உங்கள் வண்டி பின்சக்கர டிரைவ். 4ஏ-ஜிஇயில் முன்சக்கர டிரைவ் வண்டிக்கு வந்தவையும் உண்டு. அவை குறுக்காக உட்கார்ந்தவை, நேராகத் திருப்பினால் டிஸ்ட்ரிபியூட்டரும் தண்ணீர்க் குழாயும் பின்சுவரில் இடிக்கும். பின்சக்கர டிரைவ் கொரோலாவான ஏஇ86-லிருந்து எடுத்ததா என்று கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. வேறு எஞ்சின் போட நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும். அதை எழுத்தில் வாங்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். அனுமதி கிடைக்காவிட்டால் வருத்தப்பட வேண்டாம்: 4கேயை இறக்கி ரிங், வால்வ் சீல் மாற்றி, அதன் சொந்தக் கார்புரேட்டரையே சர்வீஸ் செய்து ஓட்டலாம். அப்பாவின் கைக்குப் பழகிய வண்டி, அதுவும் நல்ல முடிவுதான்.

கேள்வி: என் மோட்டார் சைக்கிள் 2001-ல் பதிவானது. கார்புரேட்டரை எடுத்துவிட்டு இஞ்செக்‌ஷன் கிட் போடலாமா?
– வாசகர், பிடோக்

பதில்: வேண்டாம் தம்பி. 2003 ஜூலை 1-க்கு முன் சாதாரணப் பதிவு பெற்ற பைக்குகள் 2028 ஜூன் 30-க்குப் பிறகு இங்கே சாலையில் ஓட முடியாது. அதுவரைக்கும் ஜெட்டைச் சுத்தம் செய்து, மிதவை ஊசியை மாற்றுங்கள். இரண்டு வாரம் ஓட்டாமல் வைப்பதென்றால் கிண்ணத்திலுள்ள பெட்ரோலை வடித்துவிடுங்கள்.