உள்ளூர் ஆற்றல் மாற்றத்தில் குடியிருப்போரை நியாயமாக ஈடுபடுத்துவது எப்படி?

நிலக்கரி, எண்ணெயை விட்டுக் காற்று, சூரிய ஆற்றலுக்கு மாறுவதையே ஆற்றல் மாற்றம் என்கிறோம். அதற்காகக் காற்றாலையோ சூரிய மின்நிலையமோ அமையும்போது, அப்பகுதி மக்களிடம் கருத்துக் கேட்டால் மட்டும் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது என்பதே என் உறுதியான எண்ணம். முடிவை மாற்றும் உரிமையும் வருவாயில் பங்கும் சேர்ந்து கிடைக்க வேண்டும்.

டென்மார்க்கின் கோபன்ஹேகன் துறைமுகத்துக்கு வெளியே 2000-இல் அமைந்த மிடில்குரூண்டன் காற்றாலைப் பண்ணை இதற்கு நல்ல சான்று. முதலில் மூன்று வரிசைகளில் 27 காற்றாலைகள் திட்டமிடப்பட்டிருந்தன. பொது விசாரணையில், நகரத்திலிருந்து காணும் கடற்காட்சி கெடும் என்று மக்கள் எதிர்த்ததால், தலா 2 மெகாவாட் திறனுள்ள 20 காற்றாலைகள் ஒரே வளைவில் நிற்குமாறு திட்டம் திருத்தப்பட்டது. மக்களின் எதிர்ப்புக்குச் செவிசாய்த்துத் திட்டத்தின் வடிவமே மாற்றப்பட்டது என்பதுதான் இங்கு முக்கியம். அதைவிட முக்கியம், பண்ணையில் பாதி, தொடக்கத்தில் 8,500-க்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்டிருந்த கூட்டுறவுக்குச் சொந்தமானது. கூட்டுறவின் உரிமை 40,500 சிறு பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரே வாக்கு.

டென்மார்க்கின் சாம்சோ தீவிலும் உழவர்களும் கூட்டுறவுகளும் நகராட்சியும் காற்றாலைகளை வாங்கினர்.

ஆனால் இம்முறையில் ஒரு குறை உண்டு: சேமிப்பு இல்லாத வாடகைக் குடும்பம் சிறு பங்கைக்கூட வாங்க இயலாது. ஆகவே பங்கு விற்பனையோடு நிறுத்தாமல், இலாபத்தில் ஒரு பகுதியை ஏழை வீடுகளின் மின்கட்டணத்துக்கும் வீட்டுச் சூடு வெளியேறாமல் தடுக்கும் வெப்பக்காப்புப் பணிகளுக்கும் ஒதுக்குவதைக் கூட்டுறவின் விதிகளிலேயே, கட்டுமானம் தொடங்குவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும்.