கார்கில் போரைத் தொலைக்காட்சி நமக்கு எப்படிக் காட்டியது?

1999-இல் நடந்த கார்கில் போர் குறித்த மக்களின் கருத்தைத் தொலைக்காட்சி எவ்வாறு உருவாக்கியது என்று கேட்டிருக்கிறீர்கள். 1971 போரை வானொலியிலும் நாளிதழிலும் அறிந்த சேலம் மக்கள், இம்முறை போஃபர்ஸ் பீரங்கிகள் முழங்குவதையும், தேசியக் கொடி போர்த்திய சவப்பெட்டிகள் சொந்த ஊர்களில் இறக்கப்படுவதையும் கண்ணாலேயே கண்டார்கள். செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் வீட்டில், சோறு பிசைந்த கை தட்டிலேயே காய்ந்துபோக, திரையில் சவப்பெட்டியருகே கதறிய ஒரு தாயையே அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நெருக்கம்தான் தொலைதூரப் போரைச் சொந்தத் துக்கமாக்கியது. ஆனால், பாகிஸ்தான் தொலைக்காட்சியைக் கேபிளில் அரசு தடைசெய்திருந்ததால் நாம் கண்டது ஒரு பக்கத்தை மட்டுமே. மே மாதம் வரை பாகிஸ்தான் படையினரின் ஊடுருவலை ஏன் அறியவில்லை என்ற முக்கியமான கேள்வியும் வெற்றிக் காட்சிகளுக்கிடையே மங்கிப்போனது என்றே கருதுகிறேன். அதை விரிவாக ஆராய்ந்தது, போருக்குப் பின் கே. சுப்பிரமணியம் தலைமையில் அரசு அமைத்த கார்கில் மறுஆய்வுக் குழுதான்.